பன்னிரண்டு எழுத்து முகவரி

விண்டோஸில் மூச்சு வாங்கிய மடிக்கணினிக்கு
ஒரு ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் ஏற்றினேன்.
திரை வந்தது, தமிழ் எழுத்து வந்தது,
கடன் சங்கத்துப் பேரேடு நாலாயிரம் வரியோடும்
தடுமாறாமல் திறந்தது.
வைஃபை மட்டும் இல்லை.
அட்டையை வயிற்றில் வைத்துக்கொண்டே
அட்டை ஏதும் காணவில்லை என்றது.

குறுவைக் கடன் மனுக்கள் முந்நூற்றுப் பதினேழு.
வெள்ளிக்குள் ஏற்றியாக வேண்டும்.
கேபிள் செயலாளர் மேசை வரைக்கும்தான் எட்டும்;
என் மேசை யூரியா மூட்டைகளுக்கு அந்தப் பக்கம்.
(கடைமடை என்று சொன்னால் சிரிப்பார்கள்,
இங்கே எல்லாருக்கும் அது வயல்.)

கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால்
உள்ளே இருப்பவர்கள் பேரைச் சொல்லும்.
சொன்னது: பிராட்காம், பக்கத்தில் ஒரு எண்.
அந்த எண்ணுக்கு இயக்கி உண்டு,
அதை இறக்க இணையம் வேண்டும்.
கிணற்றில் விழுந்த கயிற்றை எடுக்கக்
கயிறு கேட்கிற கதை.

மன்னார்குடியில் கடைக்காரர் கேட்டார்,
"எந்தக் கம்பெனி?"
கம்பெனி இல்லைங்க, சிப்பு.
"டப்பாவுலயே லினக்ஸுன்னு போட்டிருக்கு பாருங்க."
பென்குயின்கூட இருந்தது.
அதே பெயர், அதே டப்பா, அதே ஆன்டெனா;
பட்டைக்கோட்டுக்குக் கீழே
கொசு முட்டை அளவில் வி3 என்றிருந்ததை
வீட்டுக்கு வந்துதான் படித்தேன்.
முதல் பதிப்பில் இருந்தது ஏதெராஸ்.
மூன்றாம் பதிப்பில் வேறு எவனோ.
ஆடுதுறை 43 என்று தைத்த சாக்கில்
வேறு விதை வந்தால்
முளைத்த பிறகுதானே தெரியும்.

அடுத்த முறை ஆளைத் தேடிப் போனேன்.
திருத்துறைப்பூண்டி, மருந்துக்கடை மாடி, டெல்பின்.
செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டே கேட்டாள்,
"கர்னல் எத்தனை?"
பெண் பார்க்க வந்தவர்கள்கூட
இவ்வளவு சரியான கேள்வி
என்னிடம் கேட்டதில்லை.

இன்டெல் அட்டை ஒன்று போட்டாள். நல்ல அட்டை.
கறுப்புக் கம்பி ஒன்று, வெள்ளைக் கம்பி ஒன்று,
நகத்தால் அழுத்தினால் டிக் என்று கேட்க வேண்டும்.
கேட்டது.
பிறகு கணினி எழவே இல்லை.
லினக்ஸுக்கும் முன்னால் பயாஸ் நின்றுகொண்டு
இந்த அட்டைக்கு அனுமதி இல்லை என்றது.
கம்பெனிக்காரன் உள்ளே ஒரு பட்டியல் வைத்திருக்கிறான்,
தான் விற்றதற்கு மட்டும் இலை போடுவான்.

டெல்பின் சொன்னது மூன்று சொல்.
இரண்டு எழுதக்கூடியவை அல்ல.
மூன்றாவது, "பொறு."

ஷட்டருக்குப் பின்னால் ஒரு கோணி.
கஜா புயலில் நனைந்த கணினிகள்,
ஏலத்தில் கிலோ கணக்கில் எடுத்தவை.
என்னுடையதின் வகையறா ஒன்றைப் பிளந்தாள்.
திரைக்குள் சேறு, எழுத்துக்கட்டைக்குள் உமி,
வரிசை கலையாமல் செத்த எறும்புகள்.
அட்டையை அதன் தகர மூடி காப்பாற்றியிருந்தது.
ஸ்பிரிட் பஞ்சில் துடைத்து வெளிச்சத்தில் காட்டினாள்.
ஏதெராஸ்.
"எண்பது ரூபாய். ஓடலேன்னா நாப்பது."

ஓடியது.

மறுநாள் சங்கத்தில்தான் நினைவுக்கு வந்தது:
பதிவான முகவரிகளைத்தான் ரூட்டர் உள்ளே விடும்.
பழைய அட்டை அதில் இருந்தது. இது இல்லை.
சேர்க்கும் கடவுச்சொல்
மாறுதலில் போன யாரோடோ போய்விட்டது.
இனி மனு, மேலொப்பம், தலைமையகம்
என்று கணக்குப் போட்டுக்கொண்டே அழுத்தினேன்.

நுழைந்துவிட்டேன்.

ஏன் என்று புரிய ஒரு டீ ஆனது.
அட்டையில் அச்சான பன்னிரண்டு எழுத்தைச்
சரக்குப் பதிவேட்டில் விரல் வைத்துத் தேடினேன்.
மடிக்கணினி ஒன்று.
பொறுப்பு: கு. சட்டநாதன், எழுத்தர்.
புயலில் சேதம். ஏலம் விடப்பட்டது.

சட்டநாதன் இப்போது வேதாரண்யத்தில்
உப்பு லாரிக்குக் கணக்கு எழுதுகிறாராம்.
எண் கிடைத்தது. கூப்பிடவில்லை.
என்னவென்று சொல்வது.
முந்நூற்றுப் பதினேழு மனுவும்
அவர் முகவரியிலிருந்துதான் போயின.
ரூட்டரின் பச்சைப் புள்ளி
அவர் வேலைக்கு வந்துவிட்டதாகவே
தினமும் பத்து மணிக்கு எண்ணிக்கொள்கிறது.

வி3 டப்பாவில் குண்டூசி போட்டு வைத்திருக்கிறேன்.
பென்குயின் நன்றாகத்தான் இருக்கிறது.